பன்றி இறைச்சி வான்டன் நூடுல் சூப்: ஹாங்காங் வீட்டுச் சமையலறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஹாங்காங்கின் சாம் சுய் போ வட்டாரத்தில், இரண்டு கேஸ் அடுப்புகளும், ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர் வாசலில் நிற்கவேண்டிய அளவே இடமும் கொண்ட ஓர் அடுக்குமாடிச் சமையலறையில், நான்கு பேருக்காகச் சமைக்கப்பட்ட வான்டன் நூடுல் சூப் இந்த ஆய்வின் பொருள். வான்டன் என்பது மெல்லிய மாவுத்தோலில் பூரணத்தைப் பொதிந்த சிறு கொழுக்கட்டை. முதலில் சமைத்தவர் அந்த வீட்டின் மருமகள். அவர் வட சீனத்தின் ஷாண்டோங் மாகாணத்தில் பிறந்து வளர்ந்தவர். கோதுமை மாவு பிசைவதிலும், ஜியாவ்சி எனப்படும் வடநாட்டுக் கொழுக்கட்டைகளை மடிப்பதிலும் சிறு வயதிலேயே தேர்ந்தவர். இரண்டாவது முறை சமைத்த அவருடைய மாமியாரோ தென் சீனத்தின் குவாங்டோங் மாகாணத்துச் சமையலில் ஊறியவர். இரண்டு சமையல்களையும் உடனிருந்து பார்த்து, வீட்டாரின் இசைவோடு இதை எழுதுகிறேன்.

முதல் சமையலின் விளைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூப் கலங்கி, கஞ்சித்தண்ணீர் போல வழவழப்பாக இருந்தது. நூடுல் ஊதிப்போய், வாயில் வைத்ததும் கடியில்லாமல் குழைந்தது. வான்டன்களில் சில வாய் பிளந்து பூரணத்தைச் சூப்பில் உதிர்த்திருந்தன. பிளக்காதவற்றின் உள்ளே இருந்த இறைச்சியும் பிடிப்பில்லாமல் உதிரியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோப்பு நீரை நினைவூட்டும் ஒரு வாடை கிண்ணம் முழுவதும் பரவியிருந்தது. வீட்டிலிருந்தவர்கள் உடனே குறை சொன்னது மடிப்பைத்தான்: பிளந்து கிடந்த வான்டன்தான் கண்ணுக்கு முதலில் பட்டது. மாமியார் மட்டும் வான்டனைத் தொடவில்லை. நூடுலைப் போடுவதற்கு முன் ஒரு குவளையில் எடுத்துவைத்திருந்த சூப்பைச் சூடாக்கி, கிண்ணத்துச் சூப்போடு மாற்றி மாற்றிச் சுவைத்தார். குவளைச் சூப் மெலிவாக இருந்ததே தவிர, அதில் அந்த வாடை இல்லை, வழவழப்பும் இல்லை. ஆகவே கிண்ணத்தைக் கெடுத்தது நூடுல்தான் என்பது அந்த ஒரு சோதனையிலேயே உறுதியாயிற்று.

கைத்திறன் குறைவால் இந்தச் சமையல் கெடவில்லை என்பதுதான் இதை ஆய்வுக்குரியதாக்குகிறது. மருமகள் செய்த ஒவ்வொன்றும் அவருடைய ஊரில் சரியான முறையே. ஷாண்டோங்கில் வெள்ளைக் கோதுமை நூடுலைத் தாளித்த சூப்பிலேயே போட்டு வேகவைப்பது இயல்பான வழக்கம். நூடுலின் மாவுச்சத்து சூப்பைச் சற்றே கெட்டியாக்குவதை அங்கே நல்ல குணமாகவே கருதுவார்கள். ஜியாவ்சி வேகும்போது பானையில் மூன்று முறை பச்சைத் தண்ணீர் விட்டுக் கொதியை அடக்குவதும், பூரணத்தில் சீன முட்டைக்கோஸைக் கொத்திச் சேர்ப்பதும் அங்கே விதிகள். அந்த விதிகள் எல்லாம் வேறோர் உணவுக்காக உருவானவை. தெற்கத்திய வான்டன் நூடுலோ வேறோர் அடிப்படையின் மேல் கட்டப்பட்டது. அந்த அடிப்படை நூடுலில் கலந்திருக்கும் காரம்.

நூடுலின் காரம்

இங்கே காரம் என்பது மிளகாயின் காரம் அல்ல. அப்பள மாவில் சேர்க்கும் அப்பளக்காரத்தின் இனத்தைச் சேர்ந்த உப்பு. குவாங்டோங் நூடுல் மாவில் பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்த காரநீரைச் சேர்க்கிறார்கள். மாவின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரையான சிறிய அளவுதான். ஆனால் அதுவே மாவின் தன்மையை முழுக்க மாற்றிவிடுகிறது. கோதுமைப் புரதமான குளூட்டன் இறுகி, நூடுலுக்குப் பல்லில் எதிர்த்து நிற்கும் விறைப்பு வருகிறது. கோதுமை மாவில் இயல்பாகவே உள்ள, சாதாரண நிலையில் நிறமற்றிருக்கும் சில பொருள்கள் காரம் பட்டதும் மஞ்சளாகின்றன. முட்டை சேர்ப்பதால் மட்டுமே நூடுல் மஞ்சளாக இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முட்டையில்லாமல் காரநீர் மட்டும் சேர்த்த நூடுலும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

மரபான முறையில் தண்ணீருக்குப் பதிலாக வாத்து முட்டையை விட்டு மாவைப் பிசைவார்கள். அந்த மாவு கைக்கு அடங்காத அளவு கெட்டியாக இருக்கும். அதனால் ஒரு நீண்ட மூங்கில் கழியின் ஒரு முனையைச் சுவரில் பொருத்தி, மறுமுனையில் ஆள் ஏறி உட்கார்ந்து, துள்ளித் துள்ளி மாவை அழுத்துகிற முறை குவாங்டோங்கில் வளர்ந்தது. இன்று பெரும்பாலும் இயந்திரமே அந்த வேலையைச் செய்கிறது என்றாலும், மூங்கில் கழி முறையை விடாமல் பிடித்திருக்கும் கடைகள் ஹாங்காங்கிலும் அருகிலுள்ள மக்காவ் நகரிலும் சில உண்டு. சாம் சுய் போவிலேயே இருக்கும் லாவ் சம் கீ அவற்றில் ஒன்று. வீட்டில் இந்த நூடுலைச் செய்ய முயல்வது வீண் உழைப்பு என்பது என் கணிப்பு. ஹாங்காங்கின் சந்தைகளில் நூடுலும் மாவுத்தோலும் மட்டுமே விற்கும் சிறு கடைகள் இருக்கின்றன. அன்றைக்குச் செய்த நூடுலை, ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் சுருட்டி வைத்த உருண்டைகளாக வாங்கிவிடலாம். மாமியாரும் வாங்கித்தான் சமைக்கிறார்.

இந்தக் காரம் நூடுலுக்குள் இருக்கும்வரை நன்மை செய்கிறது. சூப்புக்குள் இறங்கினால் கெடுதி செய்கிறது. நூடுல் கொதிநீரில் பட்டதும் மேலே தூவியிருக்கும் மாவும், காரத்தில் ஒரு பங்கும், கரைந்த மாவுச்சத்தும் நீரில் இறங்கி, அந்த நீரை மஞ்சளாகவும் வழவழப்பாகவும் ஆக்குகின்றன. அந்த நீர் கீழே ஊற்றப்படவேண்டியது. முதல் சமையலில் அந்த நீரே சூப்பாக இருந்தது; சோப்பு வாடைக்கும் கலங்கலுக்கும் இதுவே காரணம்.

இதை ஒப்புக்கொண்ட பிறகு, இந்த உணவைச் சுற்றியுள்ள வழக்கங்கள் பலவற்றுக்கும் பொருள் விளங்கத் தொடங்குகிறது. நூடுலைத் தனி நீரில் வேகவைப்பது, வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசுவது, மீண்டும் ஒரு கணம் கொதிநீரில் முக்கிச் சூடேற்றுவது ஆகிய மூன்றும் காரத்தைக் கழுவும் வேலைகளே. குளிர்நீரில் அலசுவதைக் குளிர்ந்த ஆற்றைக் கடப்பது என்று காண்டனீஸ், அதாவது குவாங்டோங் வட்டாரச் சமையல்காரர்கள் சொல்வார்கள். கடைகளில் கிண்ணத்தின் அடியில் கரண்டியையும் வான்டனையும் வைத்து, அவற்றின் மேல் நூடுலைக் குவித்துத் தருவது, நூடுல் முழுவதும் சூப்பில் மூழ்கி ஊறிவிடாமல் இருப்பதற்காக. கிண்ணம் சிறியதாக இருப்பதும் அதற்காகவே. காரம் சேர்ந்த மெல்லிய நூடுல் சூப்பில் சில நிமிடங்களுக்கு மேல் தன் விறைப்பைக் காக்காது என்பதால், ஊறுமுன் உண்டு முடிக்கக்கூடிய அளவே ஒரு கிண்ணம். குவாங்டோங்கின் தலைநகரான குவாங்சோவிலிருந்து ஹாங்காங்குக்கு வந்த மாக் குடும்பத்தின் பெயரால் வெலிங்டன் தெருவில் நடக்கும் மாக்ஸ் நூடுல் கடையில் முதல்முறை உண்பவர்கள் கிண்ணத்தின் சிறுமையைக் கண்டு கொடுத்த காசை எண்ணிக் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. பெரிய கிண்ணத்தில் தந்தால் பாதிக்கு மேல் குழைந்த நூடுலைத்தான் உண்ண நேரிடும் என்பதை அவர்கள் அறிவதில்லை. மேசையில் வைத்திருக்கும் சிவப்பு வினிகரும் அலங்காரத்துக்கு அல்ல. நூடுலில் எஞ்சியிருக்கும் காரச் சுவையை அந்தப் புளிப்பு முறிக்கிறது.

பூரணமும் தோலும்

முதல் சமையலில் பூரணம் உதிர்ந்ததற்கு மூன்று காரணங்களைப் பிரித்தறிய முடிந்தது. கடையில் இயந்திரத்தில் அரைத்து வைத்திருந்த கொழுப்பில்லாத இறைச்சியை வாங்கியது ஒன்று. சீன முட்டைக்கோஸைச் சேர்த்தது இரண்டாவது. ஜியாவ்சியின் தடித்த தோல் முட்டைக்கோஸ் விடும் நீரைத் தாங்கிக்கொள்ளும், வான்டனின் மெல்லிய தோல் தாங்காது. உப்பைக் கடைசியில் போட்டதுதான் மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம்.

இறைச்சியில் உள்ள மயோசின் என்ற புரதம் உப்பில்தான் கரைந்து வெளியே வருகிறது. கொத்திய இறைச்சியில் முதலில் உப்பைப் போட்டு விடாமல் கிளறினால், அந்தப் புரதம் துண்டுகளின் மேல் பசையாகப் படர்ந்து, வேகும்போது இறுகி, இறைச்சியையும் அதன் சாற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயை முந்திச் சேர்த்துவிட்டால் துண்டுகளின் மேல் எண்ணெய் படிந்து, இந்தப் பசை உருவாவது தடைப்படுகிறது. இறைச்சி சூடானாலும் கொழுப்பு உருகிப் பசை நிற்காது. ஆகவே குளிர்ந்த இறைச்சியும் குளிர்ந்த பாத்திரமும் தேவை. ஒரே திசையில்தான் கிளறவேண்டும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொன்னார். அந்த விதியின் பலன் திசையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; உப்பு, குளிர்ச்சி, கிளறும் நேரம் ஆகியவையே வேலை செய்கின்றன. ஆனாலும் திசையை மாற்றாமல் கிளறுபவர் வேலையை இடையில் விட்டுவிடுவதில்லை என்ற அளவில் அந்த விதி பயனுள்ளதே.

இரண்டாவது சமையலில் மாமியார் சந்தை இறைச்சிக் கடையில் பன்றியின் தோள் பகுதியைக் கேட்டு வாங்கினார். ஏழு பங்கு தசைக்கு மூன்று பங்கு கொழுப்பு என்பது அவர்களின் கணக்கு. அதை வீட்டில் கனமான சீனக் கத்தியால், அரைபடாமல் சிறு துண்டுகள் தெரியும்படி கொத்தினார்கள். இறைச்சி 180 கிராமும் உரித்த இறால் 120 கிராமும் என்ற அளவு இருபத்து நான்கு வான்டன்களுக்குப் போதுமானது. ஹாங்காங் கடைகளில் இப்போது இறாலின் பங்கு கூடி, முழு இறாலே பூரணமாகிவிட்ட வான்டன்களைக் காணலாம். பன்றி இறைச்சியின் கொழுப்பு இல்லாத பூரணம் எவ்வளவு பெரிய இறாலைக் கொண்டிருந்தாலும் வறட்சியாக இருக்கிறது என்பதால், பழைய விகிதத்தையே நானும் விரும்புகிறேன்.

இறாலுக்குத் தனிப் பக்குவம் உண்டு. உரித்த இறாலில் சிறிது உப்பும் அரைத் தேக்கரண்டி ஆப்பசோடாவும் பிசறிக் கால்மணி நேரம் வைத்து, வழவழப்பு முற்றும் போகும்வரை குழாய்நீரில் அலசி, துணியால் ஒற்றி ஈரத்தை நீக்கிக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். காரம் பட்ட இறாலின் புரதம் நீரைக் கூடுதலாகப் பிடித்துவைப்பதால், வெந்த பிறகு இறால் சுருங்கி ரப்பராகாமல், கடித்தால் நொறுங்கும் பதத்தில் நிற்கிறது. நூடுலுக்குச் செய்ததையே இங்கே இறாலுக்கும் செய்கிறார்கள்: காரம் தன் வேலையை முடித்ததும் கழுவி வெளியேற்றப்படுகிறது. அலசுவதில் சோம்பல் காட்டினால் சோடாச் சுவை பூரணத்தில் தங்கிவிடும்.

இறைச்சியில் 3 கிராம் உப்பைப் போட்டுக் கையால் கிளறி, பாத்திரத்தைச் சாய்த்தாலும் கலவை வழியாமல் ஒட்டிநிற்கும் நிலை வந்ததும், இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த சூப்பைச் சிறிது சிறிதாக ஊட்டினார்கள். அதன் பின் ஒரு முட்டை மஞ்சள்கரு, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், சிறிது சர்க்கரை, வெள்ளை மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் ஆகியவை சேர்ந்தன. கடைசியாக வறுத்த எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய். இது நம் நல்லெண்ணெய் அல்ல. வாசனைக்காகத் துளிக்கணக்கில் சேர்க்கும் கருநிற எண்ணெய். பாதி இறாலைக் கொத்தியும் மீதியை இரண்டு மூன்று துண்டுகளாக நறுக்கியும் கலந்து, பூரணத்தை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தார்கள். மடிக்கத் தொடங்கும் முன் ஒரு சிறு உருண்டையைக் கொதிநீரில் போட்டு வேகவைத்து உப்புப் பார்த்தது கவனிக்கத்தக்கது. பச்சைப் பன்றி இறைச்சியை நாவில் வைத்துப் பார்ப்பது எந்த நிலையிலும் கூடாது.

மடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய மஞ்சள் தோலின் நடுவில் 12 கிராம் அளவு பூரணத்தை வைத்து, விளிம்பில் நீர் தொட்டு, உள்ளே காற்று தங்காதபடி கழுத்தை அழுத்திவிட்டால் போதும். எஞ்சிய தோல் தங்கமீனின் வாலைப் போலத் தளர்வாகத் தொங்கலாம், தொங்கவும் வேண்டும். மருமகளின் அழகான ஜியாவ்சி மடிப்புகள் இங்கே பயனற்றுப்போயின: மடிப்பு மடிப்பாக அடுக்கிய இடம் தடித்து, மற்ற இடம் கரையும் வேளையிலும் அது மட்டும் வேகாமல் நின்றது. முதல் சமையலில் வான்டன் பிளந்ததற்கும் மடிப்பு நேர்க்காரணம் அன்று. தடித்த தோலுக்காக ஏற்பட்ட மூன்று முறை தண்ணீர் விடும் விதியைப் பின்பற்றியதால், மூன்று நிமிடத்தில் எடுத்திருக்கவேண்டியவை அதைப் போல் இரு மடங்கு நேரம் பானையில் கிடந்தன. வீட்டார் எல்லோரும் குற்றம் சாட்டிய மடிப்பு, ஆராய்ந்து பார்த்தால், கடிகாரத்தின் குற்றத்தைச் சுமந்தது.

சூப்

நூடுலைக் கழுவிவிடுவதால் அது கிண்ணத்துக்குத் தன் சுவை எதையும் கொண்டுவருவதில்லை. ஆகையால் சுவையின் சுமை முழுவதும் சூப்பின் மேல் விழுகிறது. முதல் சமையலின் சூப் மெலிவாக இருந்ததற்கு, பன்றி எலும்பை மட்டும் நம்பியதே காரணம். குவாங்டோங் வான்டன் சூப்பின் உயிர் எலும்பில் இல்லை. தட்டைமீன் கருவாட்டில் இருக்கிறது. ஷெங் வான் பகுதியின் டெ வூ சாலை மேற்கில் வரிசையாக இருக்கும் உலர்மீன் கடைகளில் இது கிடைக்கிறது. இதை அப்படியே சூப்பில் போட்டால் கவிச்சை வாடைதான் மிஞ்சும். முள்ளோடும் தோலோடும் மெல்லிய தீயில் வாட்டி, மேல்தோல் கொப்புளித்து, உள்வரை பொன்னிறமாகி, விரலால் ஒடித்தால் முறியும் பதம் வந்த பிறகுதான் போடவேண்டும். வாட்டும்போது கருகிவிட்டால் அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. அடுப்பருகே நின்று திருப்பித் திருப்பி வாட்டுவதற்கான பொறுமை இந்தச் சமையலில் வேறு எங்கும் இவ்வளவு தேவைப்படுவதில்லை. சதையில் ஒரு சிறு பங்கைப் பொடித்துப் பூரணத்திலும் தூவுவார்கள். சூப்பும் வான்டனும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக மணப்பது அதனால்தான்.

இரண்டாவது சமையலுக்கு ஒரு கிலோ பன்றி எலும்பை முதலில் வேறொரு பானையில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்த நுரையும் அழுக்கும் நிறைந்த நீரைக் கொட்டி, எலும்புகளைக் கழுவினார்கள். பிறகு 3 லிட்டர் புதிய நீரில் அந்த எலும்பும், வாட்டிய தட்டைமீன் 40 கிராமும், சிறிது எண்ணெயில் சிவக்க வதக்கிய இறால் ஓடுகளும், இடித்த வெள்ளை மிளகும், ஒரு கைப்பிடி முளைகட்டிய சோயாவும் சேர்ந்தன. இரண்டு மணி நேரம் குமிழிகள் மட்டும் எழும்படி மெல்லிய தீயில் வைத்தார்கள். கொதி மிகுந்து புரண்டால் எலும்பின் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலந்து சூப்பை வெண்மையாக்கிவிடும். சீனத்தில் வெண்ணிறச் சூப்புக்கும் இடம் உண்டு. வான்டன் நூடுலுக்குத் தெளிந்த, தேநீர் நிறச் சூப்பே மரபு.

எலும்பு, மீன், சோயா என்ற இந்தச் சேர்க்கைக்கு வேதியியல் அடிப்படை இருக்கிறது. சோயாவில் கிடைக்கும் குளூட்டமேட்டைத் தோக்கியோவில் கிகுனே இகேடா 1908இல் ஊமாமி எனப்படும், இறைச்சிச்சாற்றை நினைவூட்டும் சுவையின் மூலமாக இனங்கண்டார். உலர்மீனில் உள்ள இனோசினேட்டை அவருடைய மாணவர் ஷிந்தாரோ கோடாமா 1913இல் அதே சுவைக்குக் காரணமாகக் காட்டினார். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் தனித்தனிச் சுவைகளின் கூட்டலைவிடப் பன்மடங்கு அழுத்தம் பிறக்கிறது என்பது பின்னால் தெளிவாயிற்று. குவாங்சோ தெருக்களில் காவடித்தண்டில் அடுப்பையும் பானையையும் சுமந்து விற்ற வான்டன்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. கருவாட்டையும் சோயா சாஸையும் சேர்க்கத் தெரிந்திருந்தது. கடைசியில் மாமியார் ஒரு சிட்டிகை அஜினமோட்டோவைப் போடவும் தயங்கவில்லை. அதுவும் அதே குளூட்டமேட்டின் உப்புதான் என்பதால், அதற்காக முகம் சுளிக்க எனக்கும் காரணம் தெரியவில்லை.

வடிகட்டியபோது ஏறத்தாழ 2 லிட்டர் சூப் கிடைத்தது. கருவாட்டில் உப்பு ஏற்கெனவே இருப்பதால், லிட்டருக்கு 6 கிராம் உப்பில் தொடங்கிச் சுவைத்துச் சுவைத்துக் கூட்டி, கடுகளவு இனிப்புக்குச் சிறு கற்கண்டுத் துண்டு ஒன்றைக் கரைத்தார்கள். தனியாகக் குடிக்கும்போது சற்றுக் கரிப்பது போன்ற அளவே சரியானது. நூடுலில் ஒட்டிவரும் நீர் அதைத் தணித்துவிடும்.

இரண்டு அடுப்பில் மூன்று நீர்

மடிப்பைத் தவிர, இதுவரை சொன்ன மற்ற எல்லாவற்றையும் முந்தைய நாளே செய்து வைக்கலாம். வீட்டுச் சமையலறை உண்மையாகவே கடையோடு மோதித் தோற்கும் இடம் இதன் பிறகுதான் வருகிறது. கடையில் சூப்புக்கு ஒன்று, வான்டனுக்கு ஒன்று, நூடுலுக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று என்று நான்கு பாத்திரங்கள் எந்நேரமும் தயாராக இருக்கும். இந்த வீட்டில் இருப்பது இரண்டு அடுப்பு. நூடுல் வேகவேண்டியது முக்கால் நிமிடம். வெந்த நூடுல் காத்திருக்காது.

மாமியார் கண்ட வழி நூடுல் நீரையும் வான்டன் நீரையும் ஒன்றாக்கி, அவற்றின் வரிசையைக் காப்பதுதான். ஓர் அடுப்பில் சூப் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நின்றது. மற்றதில், வீட்டிலேயே பெரிய பானையில் 4 லிட்டர் நீர் புரளக் கொதித்தது. கழுவுதொட்டியில் பனிக்கட்டி போட்ட ஒரு பாத்திரம் நீர். பக்கத்தில் மின்கெண்டியில் கூடுதல் வெந்நீர். உண்பவர்கள் மேசையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் முதல் வான்டன் பானையில் இறங்கியது. முதல் சமையலில் கிண்ணங்களை நிரப்பிவைத்துவிட்டு ஆட்களை அழைத்தார்கள். அழைப்பைக் கேட்டு அவர்கள் வந்து சேர்வதற்குள் நூடுல் பாதிச் சூப்பைக் குடித்திருந்தது.

இருவருக்கான பன்னிரண்டு வான்டன்கள் முதலில் இறங்கின. அடியில் ஒட்டாதபடி கரண்டியின் முதுகால் ஒருமுறை தள்ளிவிட்டதோடு சரி, பச்சைத் தண்ணீர் எதுவும் விடவில்லை. அவை மிதந்து மேலே வந்து, தோல் ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளே இறாலின் சிவப்பு தெரிந்தபோது மூன்று நிமிடம் கடந்திருந்தது. ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பார்த்து, இறைச்சியில் இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்கள். அரைத்த அல்லது கொத்திய பன்றி இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸை எட்டவேண்டும் என்பது பாதுகாப்பு அளவு. வெந்நீரில் சூடேற்றி வைத்திருந்த கிண்ணங்களில் அரைத் தேக்கரண்டி உருகிய பன்றிக் கொழுப்பும் சில துளி எள்ளெண்ணெயும் காத்திருந்தன. வான்டன்கள் அவற்றில் அமர்ந்ததும் மூழ்கும் அளவு சூப் ஊற்றப்பட்டது.

அதே பானையில் உடனே நூடுல் இறங்கியது. வான்டன் வெந்த நீர் நூடுலைக் கெடுப்பதில்லை; நூடுல் வெந்த நீரில் வான்டனைப் போட்டால்தான் தோலில் வழவழப்பு ஒட்டுகிறது. உருண்டையாக இருந்த நூடுலைப் போடுவதற்கு முன்பே விரல்களால் உதறிப் பிரித்து, ஒட்டியிருந்த மாவைத் தட்டியிருந்தார்கள். கொதிநீரில் முக்கால் நிமிடம், வடிகரண்டியில் அள்ளிப் பனிநீரில் ஓர் அலசல், மீண்டும் கொதிநீரில் பத்து வினாடி, நீர் முழுவதும் வடிய இரண்டு மூன்று உதறல், பிறகு வான்டனின் மேல். மிச்சச் சூப்பை நூடுலின் உச்சி வெளியே தெரியும்படி ஓரமாக ஊற்றி, வெயில் படாமல் வளர்த்த மஞ்சள் பூண்டுத்தாளை நறுக்கித் தூவினார்கள். நூடுல் நீரில் இறங்கியதிலிருந்து கிண்ணம் மேசைக்குப் போனதுவரை ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கலாம். முதல் இருவர் உண்ணத் தொடங்கிய பிறகே அடுத்த இருவருக்கான வேலை தொடங்கியது. இடையில் பானையின் மஞ்சள் நீரில் பாதிக்கு மேல் கொட்டிவிட்டு மின்கெண்டி நீரால் நிரப்பியதால் இரண்டாம் ஈடும் கெடவில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் உண்ணவேண்டும் என்ற விருப்பத்தை விட்டுக்கொடுத்தால்தான் இரண்டு அடுப்புள்ள வீட்டில் இந்த உணவு சாத்தியம்.

விளைவு கடைக்கு இணையானது என்று சொல்லமாட்டேன். வாங்கிய நூடுல் மூங்கில் கழி நூடுலின் விறைப்பை எட்டவில்லை. சூப்பில் கருவாட்டின் மணம் நாள் முழுவதும் கொதிக்கும் கடைச் சூப்பின் ஆழத்துக்குப் போகவில்லை. பூரணம் மட்டும் பல கடைகளில் கிடைப்பதைவிட மேலாக இருந்தது. கையால் கொத்திய இறைச்சிக்கும் அன்றைய இறாலுக்கும் உரிய பெருமை அது. கிண்ணம் தெளிவாகவும் வாடையின்றியும் இருந்தது. மருமகள் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, தம் ஊர் நூடுலுக்கு இந்த அலசலைச் செய்தால் சுவையெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்றார். அதுவும் உண்மை. வெள்ளை நூடுலை அவர் இன்னும் சூப்பிலேயே வேகவைக்கிறார். அதில் மாமியாரும் தலையிடுவதில்லை.

மீந்தவற்றைப் பற்றிச் சில குறிப்புகள். வெந்த நூடுலைச் சேமிக்க வழியில்லை. வேகாத நூடுல் குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். சூப்பை வடிகட்டி ஆறவைத்துக் குளிரூட்டினால் மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிடலாம், அல்லது அடுத்த முறை கிண்ணத்தின் அடியில் தடவிக்கொள்ளலாம். மடித்த வான்டன்களைக் குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் இரவு முழுவதும் வைத்தால் பூரணத்தின் ஈரம் தோலை நனைத்துத் தட்டோடு ஒட்டவைத்துவிடும்; ஆகவே உடனே உண்ணாதவற்றை மாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, உறைபெட்டியில் கெட்டியாக்கி, அதன் பிறகு பையில் கொட்டி வைப்பதே சரி. வேகவைக்கும்போது அவற்றை உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் கூடுதலாக வைத்து, முன்போலவே ஒன்றை வெட்டிப் பார்த்து எடுக்கவேண்டும்.